யாருக்கும் மச்சான் இல்லாதவன்

வானொலி நிலையத்தின் பொன்விழா மலருக்கு லேமெக் கசூபாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். நகைச்சுவை முன்னோடி என்று தலைப்பையும் அவளே வைத்துவிட்டாள். கூடவே, கசப்பான விஷயமெல்லாம் வேண்டாம் சார் என்று ஒரு நிபந்தனை வேறு. கசப்பு வேண்டாமென்றால் வேறு ஆளைப் பிடித்துக்கொள் தாயே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆகவே இது அவளுக்காக எழுதியதல்ல. என் பெயர் யோத்தாம் ஜெரே. சுரங்க ஊரான கிட்வேயின் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளனாக இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன். கசூபாவின் குரல் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என் விரல் வழியாகத்தான்.

அறுபத்து நான்கில் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் அதற்கு முன் செம்புச் சுரங்கத்தில் வருகைப் பதிவு குமாஸ்தா. ஷிப்டு மாறும்போது வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேசிக் காட்டுவானாம். வெள்ளைக்கார மேற்பார்வையாளன் மாதிரி பேசி ஒருநாள் ஒரு முழு ஷிப்டையே வீட்டுக்கு அனுப்பிவிட்டதால்தான் வேலை போனது என்று சொல்வார்கள். அவனைக் கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான்.

அந்தக் காலத்து வானொலி என்ன லட்சணத்தில் இருந்தது என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. செய்தி, தேவாலயப் பாட்டு, சோளத்துக்கு உரம் எப்போது போட வேண்டும், அவ்வளவுதான். சிரிப்புக்கென்று அரை நிமிடம்கூடக் கிடையாது. கசூபாதான் மேலதிகாரி சிலும்பாவின் அறைக்குப் போய், சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் கொடுங்கள், சம்பளம் கூட்டித் தர வேண்டாம் என்று கேட்டு வாங்கினான். எழுதுவது, நடிப்பது, தயாரிப்பது, சவர பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டுவது எல்லாமே அவன்தான். ஒலிவாங்கியை அறையை விட்டு வெளியே எடுத்துப் போய், சுரங்கக் குடியிருப்பின் மன்றத்தில் எண்ணூறு பேர் நடுவில் வைத்து நேரடியாக ஒலிபரப்பிய முதல் ஆளும் அவன்தான். கம்பியைத் தோளில் சுமந்த கழுதை நான்.

நிகழ்ச்சியின் பெயர் 'இரண்டு மச்சான்கள்'. ஒருவன் பெம்பாக்காரன், மற்றவன் ங்கோனிக்காரன். எங்கள் நாட்டில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் மச்சான் முறை. அந்தக் காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள், சண்டை ஓய்ந்த பிறகு கேலிக்கு உரியவர்கள் ஆனார்கள். பெம்பாக்காரன் ங்கோனிக்காரனான என்னைப் பார்த்தால் எலித்தின்னி என்பான், நான் அவனைக் குரங்குத்தின்னி என்பேன். அவன் வீட்டுச் சாவில் நான் போய்ப் பிணத்தையே கிண்டல் செய்யலாம். மந்திரியாக இருந்தாலும் மச்சான் கேலிக்குக் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தோற்றவன் அவன்தான், ஒரு கோழியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மரியாதையாகப் பேசுவது மட்டும்தான் மச்சான்களுக்கு ஆகாது. மரியாதை கொடுத்தால் உறவு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கசூபா இரண்டு குரலும் அவனே போடுவான். இரண்டு ஆட்கள் என்றே பாதி நாடு நம்பிக்கொண்டிருந்தது. எலித்தின்னிக்கு என்று தனியாகப் பரிசுப் பொருள் வரும். எங்கள் ஜனம் பேசுகிற ராகம், இழுக்கிற இழுப்பு, கோபம் வந்தால் மூக்கால் பேசுவது எல்லாம் அப்படியே இருக்கும். எப்படி இவ்வளவு சரியாகப் பிடிக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, பதினாலு வருடமாக உன் மூஞ்சியைப் பார்க்கிறேனே, அது போதாதா என்றான். காலையில் என்னைத் திட்டாமல் அவன் கோட்டைக் கழற்ற மாட்டான். நானும் சும்மா இருந்ததில்லை.

எழுபத்தெட்டில் சமையல் எண்ணெய் காணாமல் போனது. ஏழு வாரம் கடையில் ஒரு சொட்டு இல்லை. பெண்கள் காலி பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள், வெறும் கையோடு திரும்புவார்கள். சோளக்களிக்குக் கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்றோம். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மன்றத்து முன்வரிசையில் மாவட்ட கவர்னர் மாக்ஸன் ஷாவா வந்து உட்கார்ந்தார். எங்கள் ங்கோனி ஆள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, கட்சியில் பெரிய செல்வாக்கு.

அடுத்து வந்தது கசூபா எழுதி வைத்திருந்த தாளில் இல்லை. மேடையிலிருந்து ஷாவாவைப் பார்த்ததும் பெம்பாக்காரன் குரலில் ஆரம்பித்துவிட்டான்.

"யோவ் மச்சான், ஏழு வாரமா என் பொண்டாட்டி பாட்டிலத் தூக்கிட்டு அலையுறா. நீ மட்டும் எப்படிடா இவ்வளவு பளபளன்னு இருக்க? உன் வீட்டுப் பின்கட்டுல பீப்பாய் பீப்பாயா நிக்குதாமே, குளிக்கிறதே அதுலதானா?"

மன்றம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நானும் சிரித்தேன். ஷாவா சிரிக்கவில்லை. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் போன விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது வெறும் பொய்யாக இருந்திருந்தால் மனிதன் சிரித்திருப்பான்.

நிகழ்ச்சி முடிந்ததும், உனக்கு யாரடா சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, வாயில் வந்தது, சொன்னேன் என்றான். அவன் உதடு காய்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சிலும்பாவின் அறையில் விசாரணை, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கவர்னரின் செயலாளரும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார்கள். அந்த நாட்களில் கோர்ட்டு, வழக்கு இல்லாமலே ஆளை உள்ளே தள்ளலாம், எத்தனை வருடம் என்று கேட்கவும் முடியாது. ஆனால் ஷாவாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மச்சானின் கேலிக்கு மச்சானை ஜெயிலில் போட்டால் சுரங்கத்து ஜனம் மொத்தமும் காறித் துப்பும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். செயலாளர் கசூபாவின் வேலை விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். தகப்பன் பெயருக்கு நேரே பெம்பாப் பெயர். தாய் பெயருக்கு நேரே ங்கோனிப் பெயர்.

எனக்கே அது அன்றுதான் தெரியும், அதுவரை அவனை முழுப் பெம்பாக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவன் அவளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அந்த ராகமும் இழுப்பும் என் மூஞ்சியைப் பார்த்து வந்ததல்ல, அவன் அம்மாவிடமிருந்து வந்தது.

இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரன் கேட்பான். பெம்பாவில் பிள்ளை அம்மாவின் குலம். ங்கோனியில் அப்பாவின் குலம். அப்பா ங்கோனி, அம்மா பெம்பா என்றிருந்தால் இரண்டு பக்கமும் என் பிள்ளை, என் பிள்ளை என்று இழுத்துக்கொள்வார்கள். கசூபாவுக்கு அது தலைகீழாக அமைந்துவிட்டது. பெம்பாக்காரனைக் கேட்டால் உன் அம்மா ங்கோனி, அங்கே போ என்பான். ங்கோனிக்காரனைக் கேட்டால் உன் அப்பன் பெம்பா, அங்கே போ என்பான். செயலாளர் இதை நிதானமாக விளக்கி முடித்தார். எந்தக் கூட்டமும் இல்லாதவனுக்கு மச்சானும் இல்லை. மச்சான் இல்லாதவன் கவர்னரைப் பேசினால் அது அவமதிப்பு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜெரே, நீ ங்கோனி. பதினாலு வருஷமா இவன்கூட இருக்க. இவன் உனக்கு மச்சான் முறையா? ஆமாவா, இல்லையா?"

எனக்கு மூன்று குழந்தைகள். குடியிருந்தது நிலையத்து வீட்டில். இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சாக்குச் சொல்லத்தான் தோன்றுகிறது, பாருங்கள்.

"முறைப்படி பாத்தா... இல்லீங்க," என்றேன்.

கசூபா தன் ஷூவைப் பார்த்தபடி இருந்தான்.

தீர்ப்பு இதுதான். வருகிற சனிக்கிழமை அவர்கள் எழுதித் தருகிற மன்னிப்பை அவன் நேரடி ஒலிபரப்பில் வாசிக்க வேண்டும். வாசித்தால் வேலை மட்டும் போகும். வாசிக்காவிட்டால் ஜெயில். அதற்குள் ஏதாவது ஒரு கூட்டத்தின் பெரியவர் வந்து, இவன் எங்கள் பிள்ளை என்று கையெழுத்துப் போட்டால் மன்னிப்பே தேவையில்லை. போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் செயலாளர் அந்தச் சலுகையைக் கொடுத்தார்.

புதனும் வியாழனும் அவன் அலைந்தான். என் மனச்சாட்சி உறுத்தியதால், கூப்பிடாமலே நானும் கூடப் போனேன். பெம்பாக்காரர்களின் தலைவர் சுரங்கத்தில் போர்மேன். அவர் பியர் கொடுத்து உபசரித்து, தம்பி, உன் நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விட்டதில்லை, ஆனால் குலம் அம்மா வழியல்லவா என்றார். ங்கோனிப் பெரியவர் எங்களை வாசலிலேயே நிற்க வைத்தார். குலம் அப்பன் வழிதானே என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்குள் வானொலிப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் சுரங்கச் சங்கு ஊதி ஷிப்டு மாறியது. வேலை முடிந்து வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் வழக்கம்போல் எலித்தின்னி, குரங்குத்தின்னி என்று கத்த வாயைத் திறந்தார்கள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார்கள். செய்தி பரவிவிட்டது. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கசூபா சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் செத்தா குழி வெட்ட எந்தக் கூட்டம் வரும்?" என்று கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்டானா, சாலையைப் பார்த்துக் கேட்டானா தெரியாது. அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டியதைச் சொல்லாதவனுக்கு வியாழக்கிழமை என்ன வாய் இருக்கும்.

சனிக்கிழமை மன்றம் கிடையாது, நிலையத்து அறைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். என் பக்கத்து நாற்காலியில் இன்ஸ்பெக்டர். தட்டச்சு செய்த தாளின் நகல் அவர் கையில் இருந்தது. தாளில் இல்லாத ஒரு வார்த்தை வந்தாலும் சத்தத்தை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. விரலை ஒலிக் குமிழின்மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வியர்வையில் அது வழுக்கியது. ஆறு மணி ஆனதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கசூபா தன் சொந்தக் குரலில் வாசித்தான். அந்தக் குரலை நாடு அதுவரை கேட்டதே இல்லை. மெலிசான, கொஞ்சம் கம்மிய குரல். செயலாளர் எழுதியதை ஒரு எழுத்து மாற்றவில்லை.

"என் பெயர் லேமெக் கசூபா. என் தாய் ங்கோனி, ஆகவே நான் பெம்பா அல்ல. என் தந்தை பெம்பா, ஆகவே நான் ங்கோனி அல்ல. இந்நாட்டில் நான் யாருக்கும் மச்சான் அல்ல. யாரையும் கேலி செய்யும் உரிமை எனக்கு இல்லை. சென்ற சனிக்கிழமை மாண்புமிகு கவர்னரைப் பற்றி நான் கூறியது கேலி அல்ல."

அத்தோடு நிறுத்தி, தாளை மடித்து, கையைக் கட்டிக்கொண்டான். தாளில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. வருந்துகிறேன், மன்னியுங்கள் என்கிற வரிகள். இன்ஸ்பெக்டர் நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். தாளில் இல்லாத வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. எதை இறக்குவது? பேச்சே இல்லாத ஒலிபரப்பு பதினைந்து விநாடி நாடு முழுக்கப் போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கேலி அல்ல என்றால், அப்புறம் அது என்ன? பீப்பாய் இருக்கிறது என்று ஒருவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்றால், இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த மேதாவி செயலாளர் தன் கையாலேயே அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம் முடிந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. சிட்டெங்கே துணியில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் காலி பாட்டிலோடு, கவர்னர் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. கடையில் நிற்பது போலத்தான் நின்றார்கள். என் மனைவியும் போய் நின்றாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பார்த்தால், ஊரில் எல்லாக் கடையிலும் எண்ணெய் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தலைநகரிலிருந்து கட்சி ஆட்கள் மூன்று பேர் மட்டும் கேட்கப் புறப்பட்டு வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

கசூபாவை அவர்கள் அப்போதைக்குக் கைது செய்யவில்லை. செய்ய முடியாது. உள்ளே தள்ளினால் அவன் சொன்னதை உண்மை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஷாவாவுக்கு இப்போது ஒரே வழிதான் இருந்தது. அது வெறும் கேலி என்று ஆக வேண்டும். கேலி ஆக வேண்டுமென்றால் கசூபா மச்சான் ஆக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மன்றத்தை அவரே ஏற்பாடு செய்தார். உள்ளே எண்ணூறு பேர் நிறைந்து, ஜன்னலில் வேறு தொங்கினார்கள். கட்சி ஆட்கள் மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். நேரடி ஒலிபரப்பு. குமிழ் என் கையில்தான், ஆனால் இந்த முறை இறக்கச் சொல்லி உத்தரவு இல்லை, எல்லாம் கேட்க வேண்டுமாம். ஷாவா ஒரு வெள்ளைச் சேவலைக் காலைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். ஜனம் சிரித்தது. அந்த மனிதனுக்கும் நடிக்கத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"டேய் குரங்குத்தின்னி," என்றார், ஒலிவாங்கிக்கு நேரே. "கோவப்பட்டவன் நான். தோத்தவனும் நான்தான். இந்தா, உன் கோழி. உன் அப்பன் பெம்பாதானேடா? எனக்கு அது போதும், எவன் கேக்குறான்னு பாத்துடறேன். நீ என் மச்சான். அன்னைக்கு நீ சொன்னது கேலிதானே?"

கசூபாவுக்கு என்ன கிடைக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வேலை திரும்பக் கிடைக்கும், ஜெயில் இல்லை. அதைவிடப் பெரிதாக, நாடு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒருவர் அவனைச் சொந்தம் என்று சொல்லிவிட்டார். போர்மேன் சொல்லாததை, ங்கோனிப் பெரியவர் சொல்லாததை, நான் சொல்லாததை, அந்தத் திருடன் சொல்லிவிட்டான். கசூபா செய்ய வேண்டியதெல்லாம் சேவலைப் பிடுங்கி ஒரு வசவு வைய வேண்டும். ஒரே ஒரு வசவு. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், திட்டிவிடு, திட்டிவிட்டுப் பிழைத்துக்கொள் என்று.

அவன் கண் கலங்கியிருந்தது. ஷாவாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு முழங்காலை மடித்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்து மெல்லத் தட்டினான். பெரிய மனிதர்களுக்கும் அந்நியர்களுக்கும் நாங்கள் வணக்கம் சொல்கிற முறை அது.

"வாங்க ஐயா. உக்காருங்க," என்றான். "உங்க கோழிய வாங்கிக்கிற முறை எனக்கு இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் சேவல் மட்டும் சிறகடித்தது. முன்வரிசையில் கட்சி ஆள் ஒருவர் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். நான் அந்த அமைதியையும் விடாமல் ஒலிபரப்பினேன்.

ஷாவாவை வடமேற்கே எங்கோ மாற்றினார்கள், அத்தோடு அவர் பெயரைக் கேட்டதில்லை. கசூபாவைத் திங்கட்கிழமை காலை வீட்டில் வந்து பிடித்தார்கள். காரணம் சொல்லவில்லை. பதினோரு மாதம் உள்ளே இருந்தான். சனிக்கிழமை சாயங்காலத்தில் வானொலியில் மறுபடியும் சோளத்துக்கு உரம் போட்டோம்.

விடுதலை என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் போனேன். கருவாடும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க மனதுக்குள் வசவுகளை அடுக்கி வைத்திருந்தேன். அவன் ஜெயில் கதவைத் தாண்டி வெளியே வந்தான், பாதி உடம்பாகி இருந்தான். நான் சத்தம் போட்டே கத்தினேன். "டேய் மச்சான், உள்ள குரங்குக் கறி போட்டாங்களா இல்லையா? எலும்பா வந்து நிக்குற?"

அவன் நின்றான். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான். நல்ல சிரிப்பு, அதில் கோபம் துளியும் இல்லை. முழங்காலை மடித்து, கையைக் குவித்து இரண்டு முறை தட்டினான்.

"வாங்க ஜெரே. இவ்வளவு தூரம் எதுக்குச் சிரமப்பட்டீங்க? வீட்ல புள்ளைங்க எல்லாரும் சௌக்கியங்களா?"

சிலும்பா அவனைத் தயாரிப்பாளராக மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவன் அதற்குப் பிறகு ஒலிவாங்கி முன்னால் நிற்கவில்லை. மற்றவர்களைப் பிடித்துப் பேச வைத்தான், இன்றைக்குப் பேர் வாங்கின சிரிப்புக்காரர்கள் நாலு பேர் அவன் கொண்டுவந்தவர்கள்தான். ஒன்பது வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தான். என் மகள் கல்யாணத்துக்கு வந்தான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கி வந்தான். தினமும் காலையில் கோட்டைக் கழற்றும்போது, வாங்க ஜெரே, நல்லா தூங்கினீங்களா என்று கேட்பான். சாகிற வரைக்கும் என்னை ஒரு நாள்கூட 'டா' போட்டுக் கூப்பிடவில்லை.